வாரண்ட் அங்கிளைப் பிடிக்க ஆளில்லை

ஆஸ்திரேலியாவிலேயே, தன்னைக் கைது செய்யச் சொல்லிப் போலீசிடம் கெஞ்சித் தோற்றுப்போன ஒரே மனிதர் எங்கள் வாரண்ட் அங்கிளாகத்தான் இருக்க வேண்டும்.

சிட்னி வென்ட்வேர்த்விலில் நான் குடியிருந்த வீட்டின் முன்னறை அவருடையது. அதற்குமுன் மெல்பர்னில் இருந்தார். அங்கே த பேசின் என்ற பகுதியிலுள்ள பிள்ளையார் கோயிலில் புதுக் காருக்குப் பூசை போட்டுவிட்டு அவர் வீசிய சிதறுதேங்காய், அடுத்த காரின் கண்ணாடியில் விழுந்ததில் கண்ணாடி விரிசல் விட்டது. மன்னிப்புக் கேட்டிருந்தால் முடிந்திருக்கும். பிள்ளையாருக்குப் போக வேண்டிய தேங்காயை உன் கார் ஏன் வாங்கியது என்று சண்டைக்குப் போனார். இரண்டாவது தேங்காயும் அதே கண்ணாடிக்குப் போனது.

வழக்கு விசாரணை நாளன்று அங்கிள் சிட்னிக்கு பஸ் ஏறிவிட்டார். மெல்பர்ன் நீதிமன்றம் வாரண்ட் போட்டது. கொத்துரொட்டிக் கடையில் உட்கார்ந்து அதைப் பெருமையாகச் சொல்வார்.

"விக்டோரியா பொலிஸ் மரே ஆத்தைத் தாண்டி வரேலாது தம்பி. அது வேற நாடு மாதிரி."

மெல்பர்ன் இருக்கும் விக்டோரியாவுக்கும் எங்கள் மாநிலத்துக்கும் மரே ஆறுதான் எல்லை. சிட்னி போலீசின் ரோந்து வண்டி போனால் கையசைப்பார்.

அப்போதுதான் மகளுக்குக் கல்யாணம் நிச்சயமானது, அதே கோயிலில். போனால் பிடிபடுவோம், போகாவிட்டால் தாரைவார்க்க அப்பா இல்லை. அங்கிளுக்குச் சாப்பாடு இறங்கவில்லை. வக்கீலிடம் கூட்டிப்போனேன். அந்த வாரண்ட் நாடு முழுக்கச் செல்லும் என்றார் அவர். சிட்னி போலீசே பிடிக்கலாம். இங்குள்ள மாஜிஸ்திரேட் வாரண்ட் சரியா என்று பார்த்து, மெல்பர்னுக்குக் கொண்டுபோகச் சொல்வார், அல்லது அங்கே ஆஜராகும்படி ஜாமீன் தருவார். குற்றம் செய்தாரா என்பதை மெல்பர்ன்தான் விசாரிக்கும்.

அங்கிள் முகம் மலர்ந்தது: போலீசே மெல்பர்னுக்குக் கொண்டுபோகும், ஜாமீனில் கல்யாணத்துக்கும் நிற்கலாம். மறுநாள் பட்டு வேட்டியும், கூட வரும் போலீசுக்குப் பருத்தித்துறை வடையுமாகப் பையைக் கட்டிக்கொண்டு ஸ்டேஷனில் போய் நின்றார். அதிகாரி மெல்பர்னுக்கு போன் போட்டார். ஒரு கண்ணாடிக்காக ஆளை அனுப்ப முடியாது, அவரையே வரச் சொல்லுங்கள் என்று பதில் வந்தது. பிடித்துக் கொண்டுபோங்கள் என்று அங்கிள் கெஞ்சியும் நடக்கவில்லை.

கடைசியில் நான்தான் காரில் கூட்டிப்போனேன். மரே பாலம் வந்ததும் என் கையைப் பிடித்துக்கொண்டார்.

"ஊரில பொலிஸ் கூப்பிட்டுப் போன என்ர தம்பி திரும்பி வரேல்லை. அந்தப் பயத்திலதான் ஓடி வந்தனான்."

அவரை எத்தனை கேலி செய்திருக்கிறோம்!

நீதிபதி எல்லாம் கேட்டுவிட்டு, இரண்டாவது தேங்காய் எதற்கு என்றார்.

"முதலாவது வடிவா உடையேல்லை, ஐயா."

மொழிபெயர்ப்பாளர் சிரிப்பை அடக்கப் பட்ட பாடு தனிக்கதை. கண்ணாடிக்கு ஈடு கட்டச் சொல்லி, எச்சரித்து அனுப்பிவிட்டார்கள். அங்கிள் மகளைத் தாரைவார்த்துக் கொடுத்தார். தேங்காய் உடைக்கும் வேலையை மட்டும் என்னிடம் தந்துவிட்டார்.

இப்போது மெல்பர்ன் பக்கம் வெரிபீயில் மகளோடு இருக்கிறார். முன்னறை காலியாகக் கிடக்கிறது. விக்டோரியாவிலிருந்து ஒருவரைச் சிட்னிக்குப் பிடித்துவர வாரண்ட் எப்படி வாங்குவது என்று வக்கீலிடம் நான் கேட்டிருக்கிறேன்.