வெந்நீர் உண்டு

லாராசாபால் குடும்பத்தார் முந்நூறு ஆண்டுகளாகப் பொலிவியாவின் இந்த சுக்ரே நகரத்தில் எவரிடமும் கைநீட்டிக் காசு வாங்கியதில்லை. ஸ்பானிய ராஜாவின் காலத்திலும் வாங்கவில்லை, விடுதலைப் போரின்போதும் வாங்கவில்லை. போன மார்ச் மாதத்திலிருந்து வாங்குகிறார்கள். ஓர் இரவுக்கு எண்பது பொலிவியானோ, காலை உணவு சேர்த்து.

குடும்பத் தலைவர் டாக்டர் எவாரிஸ்தோ மருத்துவர் அல்ல. எங்கள் ஊரில் சட்டம் படித்தவரெல்லாம் டாக்டர். அவருடைய ஓய்வூதியம் கூரை ஓட்டுக்கும், நகராட்சி விதிப்படி வருஷா வருஷம் சுவருக்கு அடித்தே ஆகவேண்டிய வெள்ளைக்கும் போய்விடும். மிச்சத்தில்தான் சாப்பாடு. அதனால் மனைவி கார்லோத்தா மாடி அறையைப் படமெடுத்து, சுற்றுலாக்காரர்கள் பார்க்கும் தளத்தில் போட்டுவிட்டாள். "பழம்பெரும் மாளிகை. முற்றத்தில் மாதுளை மரம். எந்நேரமும் வெந்நீர் உண்டு." கடைசி வாக்கியம் மட்டும் டாக்டர் சேர்த்தது. நாற்பது வருஷம் வழக்காடியவர் அல்லவா.

வெளியே தெரியாதவரை சிக்கல் இல்லை. ஆனால் அந்த ஞாயிற்றுக்கிழமை, ஊரின் பழங்குடும்பங்கள் நடத்தும் முன்னோர் சங்கத்துக்குத் தலைவர் தேர்தல். பத்து வருஷமாக டாக்டர் கண்வைத்திருக்கும் நாற்காலி. பூர்விக வீட்டை வைத்துப் பிழைப்பு நடத்துகிறவர் அதில் உட்கார முடியாது என்று விதி இருந்தது. விதியைக் கொண்டுவந்தவர் இப்போதைய தலைவி, எதிர்வீட்டு டோன்யா எல்வீரா.

அந்த எல்வீரா பால்கனியில் நின்று ரோஜாத் தொட்டிக்குத் தண்ணீர் ஊற்றிக்கொண்டிருந்த நேரம் பார்த்துத்தான், வியாழக்கிழமை காலையில், ஆறரை அடி உயரத்தில் ஒரு வெள்ளைக்காரப் பையன் முதுகில் மூட்டையோடு வந்து டாக்டர் வீட்டுக் கதவைத் தட்டினான். பெயர் யோரிஸ். ஊர் ஹாலந்து.

"யாரு டாக்டர், விருந்தாளியா?" என்றார் எல்வீரா மேலிருந்து.

டாக்டருக்குச் சட்டென்று எல்வீராவின் வீடே கைகொடுத்தது. அந்த வீட்டில் எப்போதும் வெளிநாட்டு உறவு யாராவது தங்கியிருக்கும். போன மாதம் கனடாவிலிருந்து ஒரு தம்பி மகன். இந்த மாதம் ஒசாகாவிலிருந்து ஒரு பேத்தி முறை. பெரிய குடும்பம் என்றால் அப்படித்தான் என்று டாக்டர் பொறாமைப்பட்டிருக்கிறார்.

"என் அண்ணன் மகன். ஒன்றுவிட்ட அண்ணன். ஐரோப்பாவுல இருக்காரு."

"அண்ணன் மகனா? மூட்டையை அவனே சுமக்கிறானே."

டாக்டர் மூட்டையை வாங்கித் தன் முதுகில் மாட்டிக்கொண்டார். மாடிப்படியில் இரண்டு இடத்தில் உட்கார்ந்து எழுந்தார். யோரிஸ் குனிந்து உள்ளே வந்தான். அந்த வாசலில் குனிய வேண்டியிருந்த முதல் லாராசாபால் அவன்தான்.

உறவு என்று சொன்ன பிறகு, விளம்பரத்தில் போட்ட ரொட்டியும் ஜாமும் போதவில்லை. "பிள்ளையைப் பாக்க வந்தேன்" என்று பதினொரு மணிக்கு எல்வீரா வந்து நின்றார். பதினொரு மணிக்கு வருகிறவருக்குச் சால்தேன்யா வைக்காமல் இருக்க முடியுமா? உள்ளே இறைச்சிக் குழம்பு ததும்பும் சோமாசி மாதிரி பண்டம்; அதுவும் நல்ல கடைச் சால்தேன்யா. யோரிஸ் ஐந்து சாப்பிட்டான். குழம்பு ஒரு சொட்டுக்கூடச் சிந்தாமல் சாப்பிடுகிறானே, ரத்தம் பேசுகிறது என்றார் எல்வீரா.

அண்ணன் மகனைத் தனியாக ஊர் சுற்ற அனுப்பலாமா என்று அவரே கேட்டார். ஆகவே பஸ்ஸில் போக இருந்தவனை, டாக்டர் கோட்டு சூட்டு மாட்டிக்கொண்டு டாக்ஸியில் அழைத்துக்கொண்டு போய், மலைச்சுவரில் பதிந்த டைனோசர் காலடிகளைக் காட்டினார். இரண்டு நுழைவுச்சீட்டும் அவர் செலவு. சித்தப்பா ஆயிற்றே.

மறுநாள் விடிந்ததும் குளியலறையிலிருந்து யோரிஸின் அலறல் தெருவரை கேட்டது.

"என்ன டாக்டர் சத்தம்?" என்றார் பால்கனி.

"பாடுறான். அவங்க ஊர் வழக்கம்."

அன்று மதியம் எல்வீரா வீட்டில் விருந்து. அழைப்பை மறுத்தால் சந்தேகம் வரும் என்று டாக்டர் போனார். அங்கேதான் பெரிய சேதம் நடந்தது. எங்கள் ஊரில் பெண்பிள்ளைக்குப் பதினைந்து வயது நிறைந்தால், கேக்குக்கு ஒரு ஞானத்தந்தை, இசைக்குழுவுக்கு ஒரு ஞானத்தந்தை, அலங்காரத்துக்கு ஒரு ஞானத்தந்தை என்று பிடிப்பார்கள். ஞானமும் அவருடையது, செலவும் அவருடையது. எல்வீராவின் சொந்தப் பேத்திக்கு இன்னும் பத்து நாளில் விழா. யோரிஸுக்கு எங்கள் மொழியில் தடங்கலில்லாமல் வந்த ஒரே சொல் 'சரி'. எல்வீரா கேட்ட மூன்றுக்கும் அதையே சொன்னான்; செலவு சித்தப்பா தலையில் விழுந்தது.

பிறகு கை கழுவப் போனவன் வெகுநேரம் வரவில்லை. வந்தபோது முகம் சிவந்து, தலை ஈரமாக, பரவசமாக இருந்தான்.

"நம்ம குடும்பத்துல ஒருத்தனாயிட்டான்" என்று எல்வீரா அவன் முதுகில் தட்டினார். எட்டிய இடத்தில் தட்டினார்.

வீட்டுக்கு வந்ததும் கார்லோத்தா கேட்டாள். "மூணு நாள் வாடகை வாங்கி, மூணு மாச ஓய்வூதியத்தைச் செலவழிக்கிறது என்ன வியாபாரம், டாக்டரே?"

"கௌரவம்னு ஒண்ணு இருக்கு."

"அதுக்கும் ஒரு ஞானத்தந்தையைப் பிடிங்க."

டாக்டர் மாடிக்குப் போய், யோரிஸிடம் மற்ற ஊர்களைப் புகழத் தொடங்கினார். பொத்தோசியில் வெள்ளி மலை இருக்கிறது, உயூனியில் உப்புப் பாலைவனம் இருக்கிறது, இங்கே என்ன இருக்கிறது, வெள்ளைச் சுவர். எண்பது வயதுக் கிழவன்கூட இங்கே அலுத்துப்போவான். தன் பிறந்த ஊரைப் பற்றி அப்படிப் பேசிய முதல் லாராசாபால் அவர்தான்.

யோரிஸ் சொல் சொல்லாகக் கோத்துப் பதில் சொன்னான். "தென் அமெரிக்காவுல ஏழு ஊர் பாத்துட்டேன், சித்தப்பா. இவ்வளவு மலிவான ஊரே இல்லை. யாரும் என்னைக் காசு கொடுக்க விடல. இந்த ஊர்ல இன்னும் ரெண்டு வாரம் இருக்கப்போறேன்."

டாக்டர் கட்டிலின் ஓரத்தில் உட்கார்ந்தார். இரண்டு வாரம் என்றால் விழாவுக்கும் இருந்துவிடுவான். கேக் மூன்று அடுக்கு.

சனிக்கிழமை காலை மறுபடி அலறல் கேட்டது. அது அடங்கிய கொஞ்ச நேரத்தில் கதவு தட்டப்பட்டது. எல்வீரா வீட்டு வேலைக்காரி நிக்கோலாசா, சும்மாட்டுத் துணியோடு நின்றாள்.

"யோரிஸ் தம்பியோட மூட்டையை எடுத்துட்டு வரச் சொன்னாங்க, டாக்டர். ஒசாகா பேத்தி காலையில ரூமைக் காலி பண்ணிடுச்சு."

"காலி பண்ணிடுச்சா? பேத்தியா?"

"ஆமாங்க. வாடகை முழுக்கக் குடுத்துட்டுத்தான் போச்சு. கனடாத் தம்பி மகன் மாதிரி இழுத்தடிக்கல."

டாக்டர் திரும்பிப் பார்த்தார். பின்னால் யோரிஸ் ஏற்கெனவே மூட்டையைக் கட்டிக்கொண்டு, வெட்கத்தோடு சிரித்தபடி படியிறங்கி வந்துகொண்டிருந்தான்.

நிக்கோலாசா போகிற போக்கில் திரும்பினாள்.

"இன்னொண்ணு சொல்லச் சொன்னாங்க. சங்கத்துல நீங்க அவங்க பேரையே முன்மொழிஞ்சா நல்லதாம். அப்புறம், உங்க விளம்பரத்தை மார்ச் மாசத்துல இருந்து தினம் படிக்கிறாங்க. கடைசி வரியை மட்டும் எடுத்துடுங்க, தெருவுக்கே கெட்ட பேருன்னாங்க."

டாக்டர் எவாரிஸ்தோ லாராசாபால் மாடிக்குப் போய்க் குளியலறைக் குழாயைத் திறந்து, கையை நீட்டிப் பார்த்தார்.

பச்சைத் தண்ணீர்தான் வந்தது.