ஒரு மில்லிமீட்டர் சந்தேகம்

இந்த வருடம் மாஸ்ட் சாயக்கூடாது என்று வேலுமணி சபதம் எடுத்தார்.

முப்பது வருடம் திருச்செங்கோட்டு ரிக் வண்டியோடு ஊர் ஊராகப் போய் ஆயிரம் அடி போர்வெல் போட்டவர். இப்போது ஓய்வு. அதாவது, சாப்பாட்டு மேசையை ஆக்கிரமித்துக்கொண்டு முழ நீளத்தில் ரிக் வண்டி மாடல் செய்கிறார். போன வருடம் சங்ககிரிக் கண்காட்சியில், வண்டி மேல் நெட்டுக்குத்தலாக நிற்க வேண்டிய அந்த மாஸ்ட் கோபுரம், வெறும் பசையை நம்பி நின்று, நடுவரின் டீக்குள் விழுந்தது. மச்சினன் காளியப்பன் அதை வீடியோ எடுத்துச் சொந்தக்காரர்கள் அத்தனை பேருக்கும் அனுப்பினான். இன்னொரு முறை விழுந்தால் வேலுமணி எந்தக் கல்யாணத்திலும் தலைகாட்ட முடியாது.

ஆகவே உள்ளே பின் வேண்டும். மாஸ்ட், வண்டி இரண்டு பக்கமும் துளை போட்டு, நடுவே கம்பி செருகி ஒட்டுவது. குண்டூசி வளைந்தது. சைக்கிள் போக்ஸ் கம்பி பிளாஸ்டிக்கைப் பிளந்தது. கடைசியில் சேலம் போய் ஒரு மில்லிமீட்டர் பித்தளைக் கம்பி, அதே அளவில் டிரில் பிட், விரலால் திருகும் குட்டி டிரில் எல்லாம் வாங்கி வந்தார். ஆறரை இஞ்ச் பிட் பிடித்த கைக்கு அது கொசுக்கால் மாதிரி இருந்தது.

மூன்றாம் நாள் கம்பி குட்டையாகியிருந்தது. டிரில் நுனியில் சிவப்பாக ஏதோ ஒட்டியிருந்தது.

வீட்டில் இருப்பது இரண்டே பேர். அவர் எடுக்கவில்லை. மிச்சம் மனைவி தமிழ்ச்செல்வி.

"அம்மிணி, என்ர கம்பியத் தொட்டயா?"

"அதென்ன தங்கமுங்களா, தொட்டுப் பாக்கறதுக்கு?"

"டிரில்லுல செவப்பா இருக்குது."

"கையக் குத்தியிருப்பீங்க. போன வாரம் ஒட்டுன வெரலே இன்னும் பிரியல."

"என்ர வெரல் நல்லாத்தான் இருக்குது."

"அப்பறம் ஏனுங்க சோத்த ஸ்பூன்ல திங்கறீங்க?"

இவ்வளவு சுருக்காகப் பதில் வந்தால் அதில் ஏதோ இருக்கிறது என்பது வேலுமணியின் கொள்கை. மேசையைத் திரும்பப் பிடிக்க, மாடலைக் கெடுக்கப் பார்க்கிறாள்.

புதன்கிழமை பொறி வைத்தார். ஒரு மில்லி பிட்டின் உறையில் ஒன்று புள்ளி இரண்டு பிட்டைச் செருகினார். பார்வைக்கு இரண்டும் ஒன்று. ஆனால் அதில் துளை போட்டால் கம்பி ஆடும். எதில் ஆடுகிறதோ, அது அவள் கைவரிசை. அசல் பிட்டைச் சட்டைப் பையில் ஒளித்தார். சட்டையைக் கழற்றிப் போட்டுவிட்டுக் குளிக்கப் போனவர், தண்ணீரை ஊற்றிக்கொண்டே தனியாகச் சிரித்தார்.

சனிக்கிழமை சட்டை இஸ்திரியோடு வந்தது. பையில் பிட் பத்திரமாக இருந்தது. இவள் பார்க்கவே இல்லை என்று மகிழ்ந்து, அதாலேயே மாஸ்ட்டுக்குத் துளை போட்டார். கம்பி லேசாக ஆடியதைத் தன் கை நடுக்கம் என்று எடுத்துக்கொண்டார்.

ஞாயிற்றுக்கிழமை, கண்காட்சிக்குப் போகும் வழியில், சங்ககிரிக்கு முன்னால் ஒரு வேகத்தடை. பக்கத்து சீட்டில் மாஸ்ட் படுத்துவிட்டது.

காரை ஓரங்கட்டி, பிட்டை எடுக்கச் சட்டைப் பைக்குள் கை விட்டார்.

"அத வெச்சு என்ன பண்ணுவீங்க?" பின் சீட்டிலிருந்து தமிழ்ச்செல்வி கேட்டாள். "அது ஒன்னு புள்ளி ரெண்டுங்க."

"உனக்கெப்படித் தெரியும்?"

"பையப் பாக்காம சட்டை துவைக்கறவளா நானு? ரெண்டுலயும் ஓட்டை போட்டுக் கம்பிய உட்டுப் பாத்தேன். ஆடுனத உங்களுக்கு வெச்சுட்டு, ஆடாதத நான் வெச்சுக்கிட்டேன்."

"எதுக்கு?"

கைப்பையிலிருந்து, தானே செய்த ஒரு குட்டி லாரியை எடுத்து மடியில் வைத்துக் குலுக்கினாள். பக்கக் கண்ணாடிகூட அசையவில்லை.

"அப்ப அந்தச் செவப்பு?"

"குங்குமமுங்க. ஒரு பக்க ஓட்டையில தடவி அமுக்குனா, எதிர்ப்பக்கம் எங்க போடோணும்னு பொட்டு உழுகும். உங்களுக்கு ஆரும் சொல்லலீங்களா?"

தாலிக்கொடியிலிருந்து பெரிய ஊக்கைக் கழற்றினாள். நேரான பாகத்தை வெட்டி, துளையில் செருகி, ஒரு சொட்டுப் பசை விட்டாள். கம்பி கச்சிதமாக உட்கார்ந்தது. வேலுமணி ஆட்டிப் பார்த்தார். கார்தான் ஆடியது.

"காளியப்பங்கிட்டச் சொல்லீராத, அம்மிணி."

"நான் எதுக்குங்க சொல்லறேன்?"

கண்காட்சிக்கான படிவத்தை நீட்டினாள். முத்து முத்தான எழுத்து. லாரி, ரிக் வண்டி, இரண்டுக்கும் சேர்த்து. செய்தவர்: தமிழ்ச்செல்வி. உதவி: வேலுமணி.

"ரிக்கு என்ரதல்லோ?"

"ஆமாங்க. ஊக்கு என்ரது. உருவிக்கட்டுங்களா?"

உதவி என்ற இடத்தில் கையெழுத்துப் போட்டார். போட்ட பிறகுதான் மேலே அவள் எழுதியிருந்த தேதி கண்ணில் பட்டது.

அது அவர் பொறி வைத்த புதன்கிழமைத் தேதி.