பிப்ரவரி முப்பதாம் தேதி சர்க்கரை

நான் சொல்லப் போவதில் ஓர் எழுத்துகூடப் பொய் கிடையாது. என் பல் மேல் சத்தியம். பல் இப்போது வாயில் இல்லை, கிண்ணத்தில் ஊறுகிறது. அந்தக் கிண்ணத்தின் மேலும் சேர்த்தே சத்தியம்.

நாற்பது வருஷம் லிஃப்ட் பழுது பார்த்தவன் நான். பதினேழாம் மாடிக்கும் பதினெட்டாம் மாடிக்கும் நடுவில் மாட்டிக்கொண்ட ஒரு நீதிபதியை ஒற்றை ஸ்பேனரால் இறக்கிக் கொண்டுவந்தவன். அவர் வெளியே வந்து என்னைக் கட்டிக்கொண்டு அழுதார். நீங்கள் நம்ப மாட்டீர்கள். பரவாயில்லை, என் மனைவியும் நம்புவதில்லை.

அப்படிப்பட்ட என்னை ஒரு மருந்துக் கடைப் பெண் ஒரே வார்த்தையில் கவிழ்த்துவிட்டாள்.

மாத்திரை வாங்கப் போயிருந்தோம், நானும் மனைவியும். எனக்கு மாத்திரை வாங்குவது என்றால் சும்மா இல்லை. சர்க்கரைக்கு இரண்டு, ரத்தக் கொதிப்புக்கு ஒன்று, கொழுப்புக்கு ஒன்று. ஐந்து மாதம் முன்னால் இதயக் குழாயில் ஒரு ஸ்டென்ட் வைத்தார்களே, ரத்தம் அங்கே உறையாமல் இருக்க இன்னும் இரண்டு. கடையில் புதிதாய்ச் சேர்ந்திருந்த பெண் அத்தனையையும் பையில் போட்டுவிட்டு, என்னை ஒரு பார்வை பார்த்தாள். பிறகு என் மனைவியிடம் திரும்பி, பரிவோடு கேட்டாள்:

"எல்லாம் உங்க அப்பாவுக்காம்மா?"

அப்பா! என்னைவிட மூன்றே வயது இளையவள் என் மனைவி. அவளுக்கு நான் அப்பா!

மனைவி மறுத்திருக்க வேண்டாமா? பையை வாங்கிக்கொண்டு, "ஆமாம்மா, வயசாயிடுச்சில்ல" என்றாள்.

வீட்டுக்கு வந்ததும் கண்ணாடி முன்னால் நின்றேன். நியாயமாகப் பேசினால் அந்தப் பெண்ணைக் குற்றம் சொல்ல முடியாது. கண்ணுக்குக் கீழே இரண்டு பைகள். ஒவ்வொன்றிலும் ஒரு வார மாத்திரையைத் தாராளமாக வைக்கலாம். தாடைக்குக் கீழே தோல் தொங்கியது. நான் தலையைத் திருப்பி நிறுத்திய பிறகும் அது கொஞ்ச நேரம் ஆடிவிட்டுத்தான் நின்றது.

முடிவு செய்தேன். அறுவை சிகிச்சை! முதலில் பைகளை எடுப்பது. தாடை அப்புறம். வாழ்நாள் முழுக்க இறங்கிப்போனதை மேலே தூக்கியவன், என் முகத்தைத் தூக்க மாட்டேனா?

மனைவியிடம் சொன்னால் என்ன நடக்கும் என்று தெரியும். முப்பது வருஷம் கணக்கு டீச்சர். என் நோய்களை ஒவ்வொன்றாகக் கூட்டி, ஆசையைக் கழித்து, மீதி பூஜ்யம் என்பாள். அதனால் பதிலை முன்கூட்டியே தயார் செய்தேன். குளியலறையில் குழாயைத் திறந்துவிட்டு, தினமும் கண்ணாடியைப் பார்த்து முழங்கினேன்:

"நோய் இருந்தா ஆசை இருக்கக் கூடாதா? எந்த டாக்டர் அப்படிச் சீட்டு எழுதினார்? சர்க்கரை ரத்தத்துலதானே இருக்கு, மூஞ்சி என்னோடது!"

தண்ணீர்ச் சத்தத்தில் வெளியே ஒன்றும் கேட்காது என்று நினைத்தேன்.

ஒரு காலையில், பழைய நண்பனைப் பார்க்கப் போவதாகச் சொல்லிவிட்டு முக அறுவை டாக்டரிடம் போனேன். அம்மையார். மூக்குக் கண்ணாடிக்கு மேலாகப் பார்ப்பவர். என் சர்க்கரை நோட்டை நீட்டினேன். தினமும் காலையில் விரலில் குத்திப் பார்த்து எழுத வேண்டிய நோட்டு. நான் மாதக் கடைசியில் உட்கார்ந்து, காப்பி குடித்துக்கொண்டே, ஒரே மூச்சில் முப்பது நாளுக்கும் எழுதிவிடுவேன். நூற்றுப் பத்து, நூற்றுப் பன்னிரண்டு, நடுவில் நம்பகத்தன்மைக்காக ஒரு நூற்று முப்பத்தெட்டு.

டாக்டர் பக்கங்களைப் புரட்டினார். ஓரிடத்தில் நின்றார்.

"பிப்ரவரி முப்பதாம் தேதி உங்க சர்க்கரை பிரமாதமா இருந்திருக்குங்க."

"நான் எப்பவுமே கட்டுப்பாடான ஆளுங்க டாக்டர்."

"இல்லாத நாள்லகூடக் கட்டுப்பாடா இருந்திருக்கீங்களே, அதான் ஆச்சரியம்."

ரத்தம் எடுத்தார்கள். மூன்று மாதச் சர்க்கரையின் சராசரியைக் காட்டிக்கொடுக்கும் ஒரு பரிசோதனை இருக்கிறதாம். ஏழுக்குள் இருக்க வேண்டியது எனக்கு ஒன்பதரை!

"நோட்டு எழுதினவர் நல்லா இருக்கார். அவருக்கு நாளைக்கே ஆபரேஷன் செய்யலாம்" என்றார் டாக்டர். "இந்த ரத்தம் யாரோடதோ, அவருக்குத்தான் புண் ஆறாது."

நான் நிமிர்ந்து உட்கார்ந்தேன். "நோய் இருந்தா ஆசை இருக்கக் கூடாதா டாக்டர்?"

"தாராளமா இருக்கலாம். சர்க்கரை இருக்கிறவங்களுக்கும் நான் செய்யுறேன். ஏழுக்குக் கீழ கொண்டுவாங்க. ரத்தம் உறையாம இருக்குற மாத்திரையை எப்ப நிறுத்தலாம்னு இதய டாக்டர்கிட்ட கடிதம் வாங்குங்க. வீட்டுல பார்த்துக்க ஒருத்தர் கையெழுத்துப் போடணும். மூணு மாசம் கழிச்சு வாங்க."

சவால்! என்னிடமா? சீட்டை மடித்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டு வெளியே வந்தேன்.

அடுத்த மூன்று மாதம் நான் நடந்த நடையில் ஊரின் பாதித் தெரு தேய்ந்துவிட்டது. லிஃப்டைக் கண்டால் முகத்தைத் திருப்பிக்கொண்டு படியேறினேன். பழைய டூல் பாக்ஸில் ஸ்பேனர்களுக்கு அடியில் ஒளித்து வைத்திருந்த கிரீம் பிஸ்கட் பொட்டலங்களை, கண்ணை மூடிக்கொண்டு, எதிர் வீட்டுக் குழந்தைகளுக்குத் தானம் செய்தேன். விரலில் தினமும் நிஜமாகவே குத்தினேன்.

மனைவிக்குச் சந்தேகம் வரவில்லையே என்று எனக்கே வருத்தம். ஒரே ஒரு நாள் கேட்டாள்.

"ஏங்க, டூல் பாக்ஸ்ல எறும்பையே காணோமே. உங்களுக்கு உடம்பு சரியில்லையா?"

"எறும்புக்கும் எனக்கும் என்ன சம்பந்தம்?"

"இருபது வருஷ சம்பந்தம்."

"உனக்கு எதுல பார்த்தாலும் குத்தம்தானா? ஒரு மனுஷன் திருந்தக் கூடாதா?"

"திருந்துங்க, திருந்துங்க. நான் குறுக்க நிக்கல" என்று சொல்லிவிட்டுப் போய்விட்டாள். முதுகைக் காட்டித்தான் போனாள். ஆனால் அவள் தோள் குலுங்கியது. அழுகிறாள், என் மாற்றத்தைக் கண்டு நெகிழ்ந்துவிட்டாள் என்று நினைத்தேன்.

மூன்று மாதம் முடிந்தது. ஆறு புள்ளி எட்டு! அந்தத் தாளை முத்தமிட்டேன். இதய டாக்டர் ஒட்டித் தந்த உறையையும் எடுத்துக்கொண்டு, டாக்டர் அறைக்குள் ராஜ நடை நடந்தேன்.

"அருமை! சொன்னபடி செஞ்சிட்டீங்களே!" என்றார் டாக்டர். உறையைப் பிரித்தார். படித்தார். மூக்குக் கண்ணாடி இறங்கியது.

"ஸ்டென்ட் வெச்சு ஒரு வருஷம் ஆகுற வரைக்கும் அந்த மாத்திரைல கைவைக்கக் கூடாதுன்னு எழுதியிருக்கார். இன்னும் நாலு மாசம் இதே மாதிரி இருங்க. அப்புறம் நிச்சயம் செஞ்சுடலாம்."

கேபிள் அறுந்த லிஃப்ட் மாதிரி இறங்கினேன். ஆனால் விட்டேனா? "நாலு மாசம்தானே? ஆபரேஷன் மேஜையைத் துடைச்சு வைங்க, வரேன்!" என்று சொல்லிவிட்டுத்தான் வெளியே வந்தேன்.

வந்தால், காத்திருப்போர் வரிசையில் என் மனைவி! மடியில் ஒரு ஃபைல். அவளுக்கும் தைராய்டு உண்டு, மூட்டுவாதம் உண்டு. ஆனால் அவள் நோட்டில் பிப்ரவரி இருபத்தெட்டோடு நிற்கும்.

"நீ எங்க இங்க?"

"ஆபரேஷனுக்கு நாள் குறிக்க வந்தேன். மேல் இமை ரெண்டும் தொங்குதுல்ல, அதுக்கு. மூட்டு டாக்டர் கடிதம், தைராய்டு ரிப்போர்ட் எல்லாம் சரியா இருக்குதாம். அடுத்த வாரம்."

"உனக்கா! இத்தனை வியாதியை வெச்சுக்கிட்டு..."

"ஏன், நோய் இருந்தா ஆசை இருக்கக் கூடாதா? எந்த டாக்டர் அப்படிச் சீட்டு எழுதினார்? வாதம் மூட்டுலதானே இருக்கு, மூஞ்சி என்னோடது!"

என் முழக்கம்! ஒரு சொல் மாறாமல்... சரி, இரண்டு சொல் மாற்றி.

"நீ... குளியலறை..."

"குழாயைத் திறந்துவிட்டா, அதைவிடச் சத்தமா கத்துறீங்க. மாடி வீடு வரைக்கும் மனப்பாடம். உங்க சட்டையைத் துவைக்க எடுத்தப்ப டாக்டர் சீட்டும் இருந்துது. நல்ல டாக்டராத் தெரிஞ்சாங்க, நானும் வந்து பார்த்தேன்."

"தெரிஞ்சும் ஏன் சும்மா இருந்தே?"

"ஏங்க, பன்னிரண்டு வருஷமா எத்தனை டாக்டர் சொல்லியும் இறங்காத சர்க்கரை உங்க மூஞ்சிக்காக இறங்குது. நான் ஏன் குறுக்க நிக்கணும்? அந்த மருந்துக் கடைப் பொண்ணுக்கு நான்தான் தேங்க்ஸ் சொல்லணும். என்கிட்ட கணக்குப் படிச்சவ. உங்களுக்கு ரோஷம் வந்தாவது உடம்பைப் பார்த்துப்பீங்கன்னு, 'அப்பாவா'ன்னு கேளும்மான்னு சொன்னேன், அச்சுப் பிசகாம கேட்டுட்டா."

அப்படியானால் அது நாடகம்! நான் கிழவன் இல்லை! கோபம் வர வேண்டிய இடத்தில் எனக்குச் சந்தோஷம் பொங்கிக்கொண்டு வந்தது. நெஞ்சை நிமிர்த்தினேன். கண்ணுக்குக் கீழே பைகூடச் சுருங்கிய மாதிரி இருந்தது.

"வாங்க, கையெழுத்துப் போடுங்க. என்னை வீட்டுல பார்த்துக்க ஒருத்தர் வேணும்ல" என்று என்னை இழுத்துக்கொண்டு போனாள்.

வரவேற்பு மேஜையில் இருந்த பெண் படிவத்தை எடுத்தாள். மனைவியைப் பார்த்தாள். என்னைப் பார்த்தாள். பேனாவை ஊன்றினாள்.

"உறவுமுறை... அப்பான்னு போட்டுக்கட்டுமா?"

நான் சட்டென்று மனைவி பக்கம் திரும்பினேன். "இதுவும் உன் மாணவிதானே?"

"சத்தியமா இந்தப் பொண்ணை இன்னிக்குத்தாங்க பார்க்குறேன்" என்றாள் மனைவி.

நடந்தது இவ்வளவுதான். இன்னும் நாலு மாதம் இருக்கிறது, அதற்குப் பிறகு என் முகத்தைப் பார்த்துப் பேசுங்கள். அதுவரை இதைச் சொன்னது நான் என்று மட்டும் யாரிடமும் மூச்சுவிடாதீர்கள். அப்படியே யாராவது துருவித் துருவிக் கேட்டால், அந்தக் கணக்கு டீச்சரோட அப்பா சொன்னார் என்று சொல்லிவிடுங்கள்.