லொக்கேஷன் அனுப்பியாச்சு

"நீங்கள் சேரவேண்டிய இடம் வந்துவிட்டது" என்றது போன்.

ஜெபிஷ் காரை நிறுத்தினான். சேரவேண்டிய இடத்தில் பெண் வீடு இல்லை. மயிலாடி சிற்பக்கூடம் ஒன்றின் வாசலில், பாதி செதுக்கிய நந்தி படுத்திருந்தது.

"இதுவாலே பொண்ணு வீடு?" என்றாள் அம்மா லீலாபாய்.

"ஜிபிஎஸ் தப்பாது அம்மா. சாட்டிலைட் இருபதாயிரம் கிலோமீட்டர் மேல நின்னுட்டு நம்ம டயர் எந்தக் குழியில கெடக்குன்னு சொல்லும்."

வாகனங்களுக்கு ஜிபிஎஸ் பொருத்துவது அவன் தொழில். அதில் அவனுக்கிருந்த விசுவாசம் அபாரமானது. பெண் வீட்டு விலாசத்தைத் தரகர் சொல்ல வந்தபோது, "அட்ரஸ் எதுக்கு? லொக்கேஷன் போதும்" என்று வாயை அடைத்ததும் அவன்தான். இப்போது விலாசம் கேட்டால் மானம் போய்விடும். போதாததற்கு, 'பையனுக்கு முன்கோபம்' என்று யாரோ சொல்லி இரண்டு சம்பந்தம் கலைந்திருந்தது. இது மூன்றாவது. பதினோரு மணிக்கு வரச் சொல்லியிருந்தார்கள். மணி பதினொன்றரை.

அப்போதுதான் பார்த்தான்: வந்திருந்தது லைவ் லொக்கேஷன், அனுப்பியவர் போன் போகிற இடமெல்லாம் கூடவே போகும். நீலப் புள்ளி மெல்ல நகர்ந்தது. அந்த எண்ணுக்கு அடித்தான். பெண்ணின் அத்தை கிளாரா எடுத்தாள்.

"லொக்கேஷன் அனுப்பியாச்சுல்லா மக்கா? அதப் பாத்தே வாங்க."

அவள் குரலுக்குப் பின்னால் பஸ் ஹாரன் கேட்டது. 'பழம் வாங்கப் போனவங்க போனையும் கொண்டு போயிட்டாங்க போல' என்று நினைத்துக்கொண்டான்.

அந்நேரம் ஒரு ஸ்கூட்டர் வந்து நின்றது. ஹெல்மெட் போட்ட இரண்டு பெண்கள். ஓட்டி வந்தவள் கேட்டாள்: "சுசீந்திரத்துக்கு எப்பிடி போணும்?"

எரிச்சல் தொண்டை வரை வந்தது. அம்மா தொடையில் கிள்ளினாள். அவன் இறங்கி, அவள் போனிலேயே மேப்பைத் திறந்து, குரல் வழிகாட்டியைத் தமிழில் மாற்றிக் கொடுத்து, "இனி ஒருத்தர்ட்டயும் கேக்காண்டாம்" என்றான். பத்து நிமிஷம் போயிற்று.

ஸ்கூட்டர் போனபின் காரில் ஏறிப் பார்த்தால், புள்ளி வடசேரிப் பக்கம் போய்க்கொண்டிருந்தது.

"குறுக்கால போயி புடிச்சிருவேன்" என்றான். குறுக்குவழி அவனை நேராகச் சந்தை நெரிசலில் கொண்டு சேர்த்தது. வாழைக்குலை ஏற்றிய தள்ளுவண்டி ஒன்று, புதுக் காரின் கதவில் முழ நீளத்துக்குக் கோடு போட்டது. கண்ணாடியை இறக்கிய ஜெபிஷின் முகம் சிவந்தது.

"ஏலே, வாயத் தொறக்காத!" என்றாள் அம்மா.

ஜெபிஷ் எச்சிலை விழுங்கினான். "பரவால்ல அண்ணாச்சி. ஒங்களுக்கு ஒண்ணும் ஆவலியே?"

திரும்பிப் பார்த்தால் பின்னால் அதே ஸ்கூட்டர். அவனுக்குப் பரிதாபமாக இருந்தது. "பாவம்மா, அவ்வளவு சொல்லிக் குடுத்தும் சுசீந்திரம் போவ தெரியல்ல."

ஸ்கூட்டர் சந்தில் புகுந்து மறைந்தது. கொஞ்ச நேரத்தில் புள்ளி ஒழுகினசேரியில் போய் நின்றது. பிறகு அசையவே இல்லை. காலையிலிருந்து அவர்கள் இரண்டு தடவை தாண்டிப்போன தெருதான்.

"பாத்தியளா அம்மா? கடைசில கொண்டு சேத்துட்டுல்லா!" என்றான் ஜெபிஷ் பெருமையாக.

வாசலில் பெண்ணின் அப்பா ரசலையன் கைக்கடிகாரத்தைப் பார்த்தபடி நின்றார். ஓய்வுபெற்ற தலைமையாசிரியர்.

"பதினோரு மணின்னாக்கும் சொன்னது. இப்போ ஒண்ணரை" என்றார்.

இந்தச் சம்பந்தமும் போயிற்று என்று நினைத்தான் ஜெபிஷ். ஜிபிஎஸ்ஸைக் குற்றம் சொல்ல அப்போதும் அவனுக்கு மனம் வரவில்லை.

"எனக்க தப்புதான் சார். அட்ரஸ் கேட்டிருக்கணும்" என்றான்.

உள்ளேயிருந்து கிளாரா அத்தை டீயோடு வந்தாள். நெற்றியிலும் கன்னத்திலும் எதையோ இறுக்கிப் போட்டிருந்த தடம்.

"அண்ணனுக்கு ஒண்ணும் தெரியாது, நீங்க டீயக் குடிங்க மாப்பிள" என்றாள். "முன்கோபம் உண்டா இல்லியான்னு பாக்கத்தான் இவ்வளவு நேரம் சுத்த விட்டோம், மயிலாடியில வழி கேட்டாளே, அவளுக்குச் சம்மதமாம்."