மாமாவை ஏற்றி அனுப்பிய மின்வண்டி

எனக்கு ஒரு பொருளைக் கண்டு வியப்பு வந்துவிட்டால், அதைப்பற்றிக் கேட்கவேண்டிய கேள்விகள் எல்லாம் மறந்துபோகும். இந்தக் குறை கல்யாணத்துக்கு முன்பே இருந்தது. (பெண் வீட்டாரிடம் யாரும் சொல்லவில்லை.)

பெற்றோல் வரிசையில் நின்று ஊரே களைத்திருந்த காலம். நான் கல்யாணம் முடித்து மருதமுனையில் மனைவி ஜெஸ்மினின் வீட்டுக்கு வந்து மூன்று மாதம். மாமாவுக்கு, அதாவது அவளுடைய வாப்பாவுக்கு, பிரதான வீதியில் சைக்கிள் கடை. ஹாஜியார் என்றால் கல்முனை வரைக்கும் தெரியும். குறைவாகப் பேசுவார், கூடுதலாகப் பார்ப்பார். அந்தப் பார்வையில் நானும் ஓர் ஆளாகத் தெரிய வேண்டும் என்பதுதான் அப்போது என் இலட்சியம்.

கட்டாரிலிருந்து வந்த நண்பன் நிஸாம் ஒரு மின்வண்டி கொண்டுவந்திருந்தான். பக்கத்துப் பக்கத்தில் இரண்டு சக்கரம், நடுவே ஏறி நிற்க ஒரு தட்டு, பிடிக்க ஒரு கம்பி. ஆசனம் இல்லை, பிரேக் இல்லை, சத்தமும் இல்லை. உடம்பை முன்னால் சாய்த்தால் ஓடும். கடற்கரை வீதியில் ஏறிச் சாய்ந்தேன். தென்னைகள் நகரத் தொடங்கின. படுத்திருந்த ஆடுகள்கூட எழும்பவில்லை. கரைவலை இழுத்தவர்கள் கயிற்றை விடாமல் தலையை மட்டும் திருப்பிப் பார்த்தார்கள். எனக்குக் கண் கலங்கிவிட்டது. (காற்று என்றுதான் நிஸாமிடம் சொன்னேன்.)

பொத்துவில் வரைக்கும் இதை விற்கப்போவது மாமாவும் நானும்தான் என்று அங்கேயே முடிவெடுத்தேன்.

மறுநாள் அஸர் தொழுகைக்குப் பிறகு கடை வாசலில் வண்டியை நிறுத்தினேன்.

"மாமா, பெற்றோல் தேவல்ல, மிதிக்கவும் தேவல்ல. இனி இந்த ஊரே இதிலதான்."

மாமா சாரனை இறுக்கிக் கட்டிக்கொண்டு ஏறினார். "எப்பிடி ஓடுற?"

"கொஞ்சம் முன்னால சாயுங்க."

சாய்ந்தார்.

அவர் போன அழகை எப்படிச் சொல்வேன்! வெள்ளைத் தொப்பி, நிமிர்ந்த முதுகு, அசையாத கால்கள். தேநீர்க் கடையில் இருந்தவர்கள் கோப்பையோடு எழுந்து நின்றார்கள். நானும் வாயைத் திறந்தபடி நின்றேன். நூறு யார் தாண்டிய பிறகுதான், நிறுத்துவது எப்படி என்று அவருக்குச் சொல்லவில்லை என்பது நினைவுக்கு வந்தது.

நிறுத்தப் பின்னால் சாய வேண்டும். விழப்போகிறோம் என்று பயந்தவர் யார்தான் பின்னால் சாய்வார்? மாமா கம்பியைக் கட்டிப்பிடித்து முன்னால் குனிந்தார். வண்டி வேகமெடுத்தது. உதவி கேட்டு ஒரு கையைத் தூக்கி வீசினார். ஊர் அதை ஸலாம் என்று எடுத்துக்கொண்டு, "வஅலைக்கும் ஸலாம், ஹாஜியார்!" என்று இரு பக்கமும் பதில் சொன்னது. கல்முனைக்குப் போகும் வழியில், பாண்டிருப்பில், கோயில் வாசலில் பூ விற்ற அம்மா எழுந்து கும்பிட்டாராம்.

நான் கடைக்குள் பாய்ந்து ஒரு சைக்கிளை இழுத்தேன். புதிது, பெடல் பூட்டவில்லை. அடுத்ததற்குச் செயின் இல்லை. ஓடக்கூடியதாக இருந்தது ஒரு சின்னப்பிள்ளைச் சைக்கிள் மட்டும்தான். முழங்கால் நாடியில் இடிக்க இடிக்க அதில் கல்முனைக்குப் போனேன்.

அங்கே சந்தியில் ஒரு பொலிஸ்காரர் கையை நீட்டியிருக்கிறார். விழுகிற பயம் மனிதனை முன்னால் தள்ளும், பொலிஸ் பயம் பின்னால் இழுக்கும். மாமா பின்வாங்க, வண்டி அப்படியே நின்றுவிட்டது.

நான் சேரும்போது பெரிய கூட்டம். பொலிஸ்காரர் வண்டியைச் சுற்றிச் சுற்றி வந்தார். "ஹாஜியார், இது சைக்கிளா, மோட்டார் சைக்கிளா?"

"தெரியா. அந்தா வாறார், கேளுங்க."

பொலிஸ்காரர் என்னையும் நான் வந்த சைக்கிளையும் பார்த்தார். சிரிப்பை அடக்க அவர் பட்ட பாடு எனக்குத் தெரிந்தது. "இத எந்தச் சட்டத்தில எழுதுற எண்டு எனக்கே தெரியா. தள்ளிக்கொண்டு போங்க."

தள்ளினேன். மாமா சின்னச் சைக்கிளை உருட்டிக்கொண்டு வந்தார். என் கல்யாணம் மூன்று மாதத்தோடு முடிந்தது என்றே நினைத்தேன்.

"மகன்," என்றார் திடீரென்று. "நான் அசையல்ல. ஊருதான் என்னக் கடந்து போச்சிது. மௌத்தாகிட்டன், உசிரு போயிட்டு எண்டு நெனச்சன்." கொஞ்ச தூரம் நடந்தார். "ஆனா, என்ன ஒரு சொகம்!"

அந்த இரண்டு சக்கர வண்டியை எங்கள் கரையில் ஒருவரும் வாங்கவில்லை. பிரேக் உள்ள மின்சைக்கிள்கள் இன்று மாமா கடையில் வரிசையாக நிற்கின்றன. நிறுத்திக் காட்டாத எவருக்கும் அவர் விற்பதில்லை.

போன பெருநாளன்று என் மகள் முதல் அடி வைத்தாள். எல்லோரும் கைதட்டினோம். மாமா ஓடிவந்து அவள் முன்னால் குந்தினார்.

"ஓடுறத்த உங்கட வாப்பா செல்லித்தருவார், புள்ள. நிக்கிறத்த எனக்கிட்டப் படிங்க."