மாடனைச் சுட்ட மருமகன்

தெரியாது என்று சொல்ல எனக்கு வாய் வராது. அந்தக் குறையால் ஒரு சாமியைச் சுட்டேன்.

செல்வியை எனக்குப் பேசி முடித்திருந்தார்கள். நிச்சயப் பூ வைக்க எட்டு நாள் இருந்தது. களக்காட்டுப் பக்கம் மலையடியில் அவள் அப்பாவுக்கு வாழைத் தோட்டம். காட்டுப்பன்றி வந்து தோண்டிப் போட்டுவிடும். லைசென்சுத் துப்பாக்கி வைத்திருந்தார், இரட்டைக் குழல். பன்றியைச் சுட அனுமதி கேட்டு மனுவும் போட்டிருந்தார். (இன்னும் வரவில்லை.) அது வருவதற்குள் எந்தத் தோட்டா பன்றியை நிறுத்தும் என்று பார்த்துவிட நினைத்தார். ஒரு குழலில் ஒற்றைக் குண்டு. மற்றதில் சின்னக் குண்டுகள்.

"காயம்பட்ட பன்னி திரும்பிச்சுன்னா கொடல எடுத்துரும் மாப்ள. துப்பாக்கி புடிச்சிருக்கியளா?"

"புடிச்சிருக்கேன் மாமா."

(பொருட்காட்சியில் பலூன். நாலு சுட்டால் ஒன்று வெடிக்கும்.)

குலை வெட்டிய வாழைத்தடி மூன்றைச் சேர்த்துக் கட்டி நனைந்த சாக்கைப் போர்த்தினார். அதுதான் பன்றி. பின்னால் மண்மேடு. துப்பாக்கியில் இரண்டு விசை.

"மொதல்ல முன்னால உள்ளத இழுங்க. போயி ஓட்டயப் பாப்போம். பொறவு மத்தது."

பயத்தில் இரண்டு விசையிலும் விரல் இருந்திருக்கிறது. வெடித்ததும் நான் வாய்க்காலில் மல்லாந்து கிடந்தேன். காது அடைத்துவிட்டது. எழுந்து பார்த்தால் சாக்கில் ஓர் ஓட்டைகூட இல்லை.

தோட்டத்து மூலையில் வெள்ளையாகத் தூசி எழும்பியது. அங்கே செங்கல்லில் கட்டிச் சுண்ணாம்பு பூசிய சுடலைமாடன் பீடம்; அதுதான் சாமி. ஆள் உயரம் இருந்தது, இப்போது என் நெஞ்சு உயரம்.

 

"ஏலே," என்றார் மாமா. அதுவரை மாப்ள என்றவர். "என்னலே செஞ்ச?"

பீடத்தருகே போய்க் கன்னத்தில் போட்டுக்கொண்டார். குண்டு பட்ட ஓட்டைகளில் பைய விரலை விட்டுப் பார்த்தார். 

"சின்னக் குண்டு சுண்ணாம்போட நின்னுட்டு. ஒத்தக் குண்டு செங்கல்லயே பேத்துட்டு. பன்னிக்கு ஒத்ததான்."

"கல்யாணம், மாமா?" என்றேன்.

"மாடனச் சுட்டவன்னு தெரிஞ்சா ஒனக்கு எவன் பொண்ணு குடுப்பான்? பூ வைக்கதுக்கு முன்ன கட்டி முடி. பொறவு பாப்போம்."

கங்கைகொண்டான் கம்பெனியில் லீவு சொல்லிவிட்டு ஏழு நாள் செங்கல் சுமந்தேன். தோள் வீங்கி ஒரு கைதான் எழும்பியது. கேட்டவர்களிடம் நேர்த்திக்கடன் என்றேன். நாலாம் நாள் செல்வி தண்ணீர் கொண்டுவந்தாள். சாக்குப் பன்றியையும் பீடத்தையும் மாறி மாறிப் பார்த்தாள்.

"பன்னி அங்கன நின்னுச்சு. நீங்க எங்கன சுட்டிய?"

"கை நழுவிட்டு."

"தாலி கட்டும்போதும் நழுவும்னா இப்பமே சொல்லிருங்க. தள்ளி நிக்கேன்."

எட்டாம் நாள் பூ வைத்தார்கள்.

மாமனார் மனசு கேட்காமல் வெளியாட்களில் சாமியாடியிடம் மட்டும் உண்மையைச் சொல்லிவிட்டார். அதிலிருந்து வருசா வருசம் கோயில் கொடை விழாவில் மாடன் இறங்கி ஆடும்போது எல்லாருக்கும் நெற்றியில் திருநீறு பூசும். என் முன்னால் வந்ததும் நாலடி பின்வாங்கி, மாமனாரைப் பார்த்துக் கேட்கும்:

"மருமவன் கையில ஒண்ணும் இல்லியே?"