நீங்க உக்காருங்க, நான் பேசிக்கிறேன்

மருத்துவமனையில் டாக்டர், நர்ஸ், நோயாளி என்று மூன்று இனங்கள்தான் உண்டு என்று நினைத்துக்கொண்டிருக்கிறீர்கள். நான்காவதாக ஒன்று இருக்கிறது. அதற்கு வெள்ளைக் கோட்டும் கிடையாது, காய்ச்சலும் கிடையாது. ஐசியூ வாசலில் நின்றுகொண்டு, ‘நீங்க உக்காருங்க, நான் பேசிக்கிறேன்’ என்று சொல்லும். அதை வைத்துத்தான் அடையாளம் காண வேண்டும்.

திருப்பூரில் இந்த இனத்தின் முதல்தரச் சரக்கு நம் கிட்டுசாமி. பனியன் கம்பெனி ஒன்றில் மெர்ச்சண்டைசர். அதாவது சரக்கு வாங்கும் வெளிநாட்டுப் பையருக்கும் கம்பெனிக்கும் நடுவில் நின்று பேசுகிறவர். நூலே வந்து சேராதபோது ‘துணி சாயத்தில் இருக்கிறது’ என்று பையருக்கும், பையர் போனில் கத்தித் தீர்த்தபோது ‘ரொம்ப சந்தோஷப்பட்டாருங்க’ என்று முதலாளிக்கும் சொல்லிச் சொல்லியே, பன்னிரண்டு வருஷமாக இரண்டு பக்கத்தையும் நிம்மதியாகத் தூங்க வைத்திருக்கிறார். உண்மையை அப்படியே சொல்வது அவருக்கு இஸ்திரி போடாத பனியனைப் பெட்டியில் அடுக்குவது மாதிரி. மனசே வராது.

அதே கம்பெனியில் தையல் மெஷின் ஓட்டும் சந்தனமும் அவன் மனைவி அனுசுயாவும் தேனிப் பக்கத்திலிருந்து பிழைக்க வந்தவர்கள். அவர்களுடைய நாலு வயது மகளுக்கு நெஞ்சில் சளி கட்டி, மூச்சு இரைத்து, ஐசியூவில் சேர்த்திருந்தார்கள். சேதி தெரிந்த அரை மணியில், சட்டைப் பையில் இரண்டு செல்போன்களோடு கிட்டுசாமி ஆஜர். யார் கூப்பிட்டார்கள்? யாரும் கூப்பிடவில்லை. கூப்பிட்ட பிறகு வருகிறவர் இந்த இனத்தில் சேர்த்தியே இல்லை.

காலை பத்து மணிக்கு டாக்டர் சாரதாமணி பெற்றோரை அழைத்தார். புருஷனும் பெண்சாதியும் எழுந்தார்கள்.

“நீங்க உக்காருங்க கண்ணு, நான் பேசிக்கிறேன்.”

“அண்ணே, அவ என்னையக் கேட்டு அழுவுறாளான்னு மட்டும் கேளுங்கண்ணே,” என்றாள் அனுசுயா.

உள்ளே போனவர் கேட்டது: “டாக்டர், ஓவரால் ஸ்டேட்டஸ் எப்படிங்க?”

“இப்ப மோசமாத்தான் இருக்குதுங்க. ரெண்டு நாள் போனாத்தான் எதையும் சொல்ல முடியும்.”

வெளியே வருவதற்குள் இஸ்திரி போட்டாயிற்று. “ரெண்டே நாளுங்க. அப்புறம் ஊட்டுக்குப் போயிரலாம்.”

“அழுவுறாளாண்ணே?”

“சிரிச்சுட்டு இருக்கறா.”

குழந்தையின் முகத்தில் ஆக்ஸிஜன் மாஸ்க். கிட்டுசாமி அந்தக் கட்டில் பக்கமே போகவில்லை. அதற்காக அவரைக் கெட்டவர் என்று எண்ணிவிடாதீர்கள். அந்தத் தாயின் முகம் ஒரு நிமிஷம் தெளிந்ததைக் கண்டு அவர் கண் கலங்கியது நிஜம். ஓடிப்போய் இரண்டு டீயும் வாங்கி வந்தார்.

மத்தியானம் மறுபடியும் அழைப்பு. மறுபடியும் கிட்டுசாமி.

“ஊசி மருந்தை மாத்தப் போறோம். இதுக்கு முன்னால ஏதாச்சும் ஊசி பாப்பாவுக்கு ஒத்துக்காமப் போயிருக்குதுங்களா? அவங்கம்மாவக் கேட்டுச் சொல்லுங்க,” என்றார் டாக்டர்.

கேட்பதா? பையர் கேள்வி கேட்டால் கம்பெனியைக் கேட்டா பதில் சொல்கிறோம்? குறை உண்டு என்று வாயைத் திறந்தால் சரக்கு திரும்பி வந்துவிடாதா?

“ஒரு கம்ப்ளைன்ட்டும் இல்லீங்க டாக்டர். நம்ம பாப்பா பக்கா குவாலிட்டிங்க.”

டாக்டர் கண்ணாடியைக் கழற்றிவிட்டு அவரைப் பார்த்தார். “பாப்பா பேரு என்னங்க?”

கிட்டுசாமியிடம் ஆர்டர் நம்பர் கேட்டிருந்தால் தூக்கத்தில்கூடச் சொல்லியிருப்பார்.

டாக்டர் அவரைத் தாண்டி வெளியே வந்து, அனுசுயாவின் பக்கத்தில் பெஞ்சில் உட்கார்ந்து அதே கேள்வியைக் கேட்டார்.

“ஆமா டாக்டரம்மா, போன வருசம் பல்லடத்துல ஒரு ஊசி போட்டதும் மூஞ்செல்லாம் வீங்கி மூச்சே நின்னுருச்சு. இந்தா, அந்த ஆஸ்பத்திரியில குடுத்த சீட்டு. காலையில இருந்து கையிலதேன் வச்சிருக்கேன். எங்கிட்ட யாருமே கேக்கலையே!”

சீட்டைப் பார்த்த டாக்டர் எழுந்து உள்ளே ஓடினார். நர்ஸ் எடுத்து வைத்திருந்தது அதே மருந்து. இன்னும் போடவில்லை.

பத்து நிமிஷத்தில் திரும்பி வந்தார். “வேற மருந்து போட்டாச்சு. இன்னும் ஆபத்து தாண்டலைங்க, பொய் சொல்ல மாட்டேன். நீங்க வந்து பாப்பா பக்கத்துல உக்காருங்க. ஜோதிகா உங்களத்தான் கேட்டுட்டே இருக்கறா.”

அனுசுயா செருப்பைக்கூட ஒழுங்காகக் கழற்றாமல் உள்ளே போனாள். கிட்டுசாமியும் ஓர் அடி எடுத்து வைத்தார். கதவு சாத்தப்பட்டது.

ஒன்பதாம் நாள் ஜோதிகா வீட்டுக்கு வந்துவிட்டாள். “நான் மட்டும் உள்ள போயிப் பேசலீன்னா அந்த மருந்தையே மாத்தியிருக்க மாட்டாங்க,” என்று கிட்டுசாமி இன்றைக்கும் கம்பெனியில் சொல்லிக்கொண்டிருக்கிறார். யோசித்துப் பார்த்தால் அது பொய்யும் இல்லை; அவருடைய ‘பக்கா குவாலிட்டி’யைக் கேட்ட பிறகுதானே டாக்டர் நேரே தாயிடம் வந்தார்!

‘அட, இது நம்ம பெரிய மச்சானேதான்!’ என்று நீங்கள் சிரிப்பது எனக்குக் கேட்கிறது. இப்போது என்ன செய்யப்போகிறீர்கள் என்பதும் தெரியும். இந்தப் பக்கத்தைக் கையில் வைத்துக்கொண்டே வீட்டில் இருப்பவர்களைக் கூப்பிட்டு, ‘படிக்க வேண்டாம், விஷயத்தை நானே சொல்லிடறேன்’ என்று ஆரம்பிப்பீர்கள். வேண்டாம். புத்தகத்தை அவர்கள் கையில் கொடுத்துவிடுங்கள்.

கொடுத்துவிட்டு, நீங்க உக்காருங்க.